மூன்று ரிங்

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரருக்குத் தஞ்சாவூரில் கொள்முதல் இருக்கும். முத்துப்பேட்டையில் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடை. காலை எட்டு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, அத்தர் பூசிக்கொண்டு கிளம்பிவிடுவார். போகும்போது காலிப் பை. ராத்திரி வரும்போது அந்தப் பையில் ஆறு டம்ளரும் இரண்டு கரண்டியும் இருக்கும். ஆறு டம்ளர் வாங்க ஒரு மனுஷன் நாள் முழுக்கத் தஞ்சாவூரில் உட்கார்ந்திருப்பானா? முதல் வருஷம் நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது வருஷம் சந்தேகம் வர ஆரம்பித்தது. துபாயில் பதினாலு வருஷம் ஒழுங்காக இருந்துவிட்டு வந்தவர், ஐம்பத்திரண்டு வயசில் சின்ன வீடு ஏதாவது வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது ஒளிப்பானேன்?

உண்மையைக் கண்டுபிடித்தது என் மகள் நுஸைபா. தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள், லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய தோழி அனுப்பிய வீடியோவை என்னிடம் நீட்டினாள்.

"ம்மா, இது நம்ம அத்தாதானே?"

அத்தாதான். ஏதோ ஒரு பெரிய ஹாலில், பழைய மரப்பெட்டி மாதிரி இருந்த ஒரு பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருத்தர் டிரம்பெட் ஊதினார். ஒரு பெண் தன் உயரத்தைவிடப் பெரிய வயலின் ஒன்றை நிறுத்தி வைத்துக் கையால் மீட்டினாள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். இந்த மனுஷனுக்கு வீட்டில் குக்கர் விசில் எண்ணத் தெரியாது.

பொம்பளை விவகாரமாக இருந்திருந்தால் எப்படிச் சண்டை போடுவதென்று எனக்குத் தெரியும். ஊரில் நாலு பேர் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பியானோவோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்று இரவுச் சாப்பாட்டில் மீனைப் பரிமாறிவிட்டு வீடியோவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்ப கத்துக்கிட்டீங்க?"

"துபாய்லதான். ஓட்டல்ல."

"ஓட்டல்ல நீங்க டேபிள் பார்த்தேன்னுதானே சொன்னீங்க?"

"டேபிளும் பார்த்தேன்."

"பதினாலு வருஷம் போன்ல எல்லாத்தையும் சொன்னீங்க. ரூம்ல மூட்டைப்பூச்சி இருந்ததைச் சொன்னீங்க. மலையாளி சமைச்ச சாம்பார் நல்லால்லைன்னு சொன்னீங்க. இதை ஏன் சொல்லலை?"

அவர் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினார். ஒதுக்கிய முள்ளையே மறுபடி ஒதுக்கினார். "சொல்ல வரலை, ஆமினா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் பாதிக்கு மேல் நான் குடும்பம் நடத்தியது போனில் வந்த இந்த மனுஷனின் குரலோடுதான். அந்தக் குரலில் இவ்வளவு பெரிய விஷயம் ஒன்று விடுபட்டுப்போயிருந்தால், நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்? எனக்குத் தெரிந்த ஷேக் பரீத் யார்?

அவர் கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "வர்ற சனிக்கிழமை சாயங்காலம் கிளப்ல வாசிக்கிறோம். நீ ஒரு தடவை வந்து கேளு. கேட்டுட்டு வேணாம்னு சொன்னா அத்தோட விட்டுடுறேன். சத்தியமா."

அவர் சத்தியம் செய்தால் செய்ததுதான். அதனால் அந்த வாரம் முழுக்க எனக்குக் கடையில் வியாபாரம் ஓடவில்லை. ஒரு வார்த்தையில் அதை நிறுத்தும் அதிகாரம் என் கையில் இருந்தது. நிறுத்தத்தான் வேண்டுமென்று நான் பாதி முடிவு செய்திருந்தேன்.

அந்தப் பதினாலு வருஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போனில் பேசினால் காசு. ஆனால் ரிங் அடித்து, எடுப்பதற்குள் வைத்துவிட்டால் காசு இல்லை. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த மிஸ்டு கால் பாஷை இருந்தது, வீட்டுக்கு வீடு வேறு மாதிரி. எங்கள் பாஷையில் ஒரு ரிங் என்றால் ரூமுக்கு வந்துவிட்டேன். இரண்டு ரிங் என்றால் போனைப் பக்கத்தில் வை, பேசப்போகிறேன். மூன்று ரிங் என்றால் சும்மா. விசேஷம் ஒன்றுமில்லை, உன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அதற்கு நான் இங்கிருந்து இரண்டு ரிங் கொடுத்து வைக்க வேண்டும். நானும் சும்மாதான் என்று அர்த்தம்.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு மூன்று ரிங் வரும். அசர் தொழுதுவிட்டு நான் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். எந்த வேலை இருந்தாலும் அவரைக் காக்க வைத்ததில்லை. ஒரே ஒரு முறை தவிர.

என் அத்தா மவுத்தானபோது இவரால் வர முடியவில்லை. ஓட்டலில் ஏதோ மாநாடு, லீவு தரவில்லை. அதற்கு முந்தின வருஷப் பெருநாளுக்கும் இதே பதில்தான். ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கும்போது மற்ற மருமகன்கள் எல்லாரும் தோள் கொடுத்தார்கள். என் பக்கத்துத் தோள் இல்லை. அன்றிலிருந்து நான் போனைத் தொடவில்லை. மகளிடம் பேசட்டும், என்னிடம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஐந்தரைக்குப் பிரிட்ஜ் மேல் போன் மூன்று முறை அடிக்கும். நிற்கும். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி, வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள்தான் இரண்டு ரிங் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த நாற்பது நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமல் விட்டதாலேயே தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை அவர் காலையிலேயே போய்விட்டார். நானும் நுஸைபாவும் மத்தியானம் காரில் கிளம்பினோம். மன்னார்குடி தாண்டி வடுவூர் வரைக்கும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், தண்ணீர் கட்டி நின்றது. வழி நெடுக நுஸைபா எனக்கு ஜாஸ் என்றால் என்ன என்று பாடம் எடுத்துக்கொண்டு வந்தாள். "ஒரு மெட்டு இருக்கும்மா. முதல்ல அதை எல்லாரும் வாசிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா அவங்க இஷ்டத்துக்கு அதை இழுத்துட்டுப் போவாங்க. கடைசில எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க."

"திரும்பி வராம போனா?"

"மத்தவங்க காத்திருப்பாங்க."

எனக்குப் பழக்கமான சமாச்சாரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தஞ்சாவூர் மருதம் கிளப் என்பது டாக்டர்களும் ரைஸ்மில் முதலாளிகளும் ஷட்டில் ஆடவும் ரம்மி போடவும் வருகிற இடம். பார் பின்பக்கம் தனியாக இருக்கிறதாம். நுஸைபா முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள். முன்பக்க ஹாலில் வட்ட மேஜைகள் போட்டு, எங்களுக்கு உயரமான கண்ணாடி டம்ளரில் பாதாம் பாலும், அதைக் கலக்க நீளமான ஸ்பூனும் வைத்தார்கள். அந்த வெள்ளைக்காரன் காலத்துப் பியானோ அங்கே இருப்பதால்தான் இவர்கள் இங்கே வாசிக்கிறார்கள்.

பெரிய வயலின்காரப் பெண் எங்கள் மேஜைக்கு ஓடி வந்தாள். பெயர் லின்சி. பாங்கில் வேலை. அந்த வாத்தியத்துக்கு டபுள் பாஸ் என்று பெயராம். "அக்கா, நீங்கதானே ஆமினாக்கா? அண்ணன் காலைலேர்ந்து மூணு தடவை சட்டை மாத்திட்டாங்க" என்றாள்.

மற்றவர்களையும் கை காட்டினாள். டிரம்பெட் ஊதும் சவரிராஜ் எலெக்ட்ரீஷியன், மாதா கோயில் பேண்டில் ஊதிப் பழகியவர். டிரம்ஸ் கிளமென்ட், பாட்டு கிளாஸ் நடத்துகிறவர். ஒத்திகை அவர் வீட்டு மாடியில். சாக்ஸபோன் எழில்மொழி, முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறவள். ஐந்தாவது ஆள், ஆறு டம்ளர் கொள்முதல் செய்கிறவர்.

"அண்ணன் ஒரு பாட்டு போட்டிருக்காங்கக்கா. அதுலதான் எனக்கு உசுரு போகுது. நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் கையை எடுத்துடணும். எவ்வளவு எண்ணணும்னு கேட்டா, 'நான் தலையாட்டுற வரைக்கும்'ங்கிறாங்க. ஒரு நாள் எட்டு எண்ணுறேன், ஒரு நாள் பதினாறு எண்ணுறேன். ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க."

ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு பாட்டும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தி அடுக்களையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது மாதிரி இருந்தது. ஆனால் உற்றுக் கேட்டால் ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது தெரிந்தது. எழில்மொழி மூச்சுப்பிடித்து ஊதி முடித்ததும் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே நுஸைபா கைதட்டினாள். முன் வரிசை ரைஸ்மில்காரர், பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் மனைவி வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வாசித்தாரா என்று சொல்லும் அறிவு எனக்கு இல்லை. ஆனால் அவர் விரல்கள் எனக்குத் தெரியாத விரல்களாக இருந்தன. கடையில் எவர்சில்வர் குடத்தைத் துடைக்கிற அதே விரல்கள்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. வேணாம் என்று சொல்லிவிடுவது என்று அந்த நிமிஷம் தீர்மானித்தேன்.

கிளப் செயலாளர் பஞ்சநதம் மேடைக்குக் கீழே ஒரு கவரில் பொன்னாடைகளை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் டாக்டருக்கு எட்டு மணிக்கு ஆபரேஷன். அவர் கிளம்புவதற்குள் கலைஞர்களுக்குப் பொன்னாடை போட்டாக வேண்டும். பொன்னாடை இல்லாமல் எங்கள் ஜில்லாவில் எந்த விழா முடிந்திருக்கிறது?

சவரிராஜ் மைக்கைப் பிடித்தார். "அடுத்தது எங்க பியானோ அண்ணன் போட்டது. இன்னும் பேர் வைக்கலை. ரெண்டு வருஷமா கேக்குறோம், சொல்ல மாட்டேங்கிறாங்க."

என் வீட்டுக்காரர் பியானோவில் ஒரே கட்டையை மூன்று முறை அடித்தார். ஒரே அளவு இடைவெளி. நிறுத்திவிட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நுஸைபா "என்னம்மா?" என்றாள்.

லின்சியின் கை அந்தரத்தில் நின்றது. கிளமென்ட் குச்சியைத் தூக்கியபடியே இருந்தார். என் வீட்டுக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஏதோ காதில் விழும் என்பது போலக் காத்திருந்தார். விழவில்லை. தலையாட்டினார். டிரம்பெட் மெல்ல நுழைந்தது, டபுள் பாஸ் நடக்க ஆரம்பித்தது, பாட்டு எங்கெங்கோ சுற்றியது. ஒரு ஓட்டல், ஒரு ரூம், ஒரு தெரு, நான் பார்க்காத ஊர் ஒன்று. சுற்றிவிட்டு மறுபடி அதே மூன்று அடி. மறுபடி அமைதி. இந்த முறை இன்னும் நீளம். மறுபடி தலையாட்டல்.

ஐந்தரை மணி. பிரிட்ஜ் மேல் போன். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பாட்டு அந்த நாற்பது நாள்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் விளக்கத் தேவையில்லை. உலகத்தில் இது புரியக்கூடிய ஒரே ஆள் நான். தினமும் ரிங் அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் எப்படி நின்றிருப்பான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் காத்திருப்பதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது சுற்றில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பியானோ மட்டும் மிஞ்சியது. மூன்று அடி. அமைதி.

அமைதி நீண்டது. லின்சியின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. எட்டு தாண்டியிருக்கும். பதினாறு தாண்டியிருக்கும். அவர் தலையாட்டவில்லை.

பஞ்சநதத்துக்கு அது போதும். பாட்டு முடிந்தது என்று முடிவு கட்டி, கவரிலிருந்து பொன்னாடையை உதறி விரித்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தார். "ஏ-ஒன் நிகழ்ச்சி! சிறப்பு விருந்தினர் அவர்களை மேடைக்கு..." என்று ஆரம்பித்தார். ரைஸ்மில்காரர் கைதட்ட, ஹால் முழுக்கக் கைதட்டல் தொற்றியது. டாக்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

என் வீட்டுக்காரர் மெல்லக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். மீன் முள்ளை ஒதுக்கிய முகம்.

நான் எழுந்துவிட்டேன். "பாட்டு முடியலை சார்! உக்காருங்க!"

விலை பேசிவிட்டு நழுவுகிற ஆளைத் தெருமுனை வரைக்கும் போய் எட்டிப் பிடிக்கிற குரல் அது. பஞ்சநதம் விரித்த பொன்னாடையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரும் உட்கார்ந்தார். கைதட்டல் நின்று, ஹால் கப்சிப்பென்று ஆனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மேஜையிலிருந்து நீள ஸ்பூனை எடுத்தேன். பாதாம் பால் டம்ளரில் தட்டினேன்.

டிங். டிங்.

அவர் தலையாட்டவில்லை. திரும்பிப் பார்த்தார். பதினாலு வருஷம் ரிங்குக்குப் பதில் வரும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அதை இத்தனை நாள் எனக்குக் காட்டாமல் விட்டதற்காக அந்த போனைப் பிடித்து உதைக்கலாம் போலிருந்தது.

பிறகு பியானோ பக்கம் திரும்பி, மேலே ஏதோ ஒரு கட்டையைத் தொட்டார். இல்லை. பக்கத்துக் கட்டை. அதுவும் இல்லை. அடுத்தது. அதேதான், என் டம்ளரின் சத்தம். இரண்டு முறை அடித்தார். எழில்மொழி சட்டென்று சாக்ஸபோனை வாயில் வைத்து அந்த இரண்டையும் திருப்பி ஊதினாள். சவரிராஜ் அதைப் பிடுங்கி டிரம்பெட்டில் நீட்டினார். கிளமென்ட் சிரித்தபடி டிரம்ஸின் பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு தட்டு தட்டினார். லின்சி எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கால் மணி நேரம் ஐந்து பேரும் என் இரண்டு ரிங்கை வைத்துக்கொண்டு விளையாடினார்கள். யாரும் எழுதி வைக்காத பாட்டு, எனக்கு ஒவ்வொரு இடமும் புரிந்தது.

டாக்டர் பாதியில் ஆபரேஷனுக்கு ஓடிவிட்டார். கடைசியில் பஞ்சநதமே ஐந்து பேருக்கும் பொன்னாடை போட்டார். டாக்டருக்கு வைத்திருந்தது ஒன்று மிஞ்சியது. அதை லின்சி கையில் கொடுத்து, "மேடமுக்கு நீங்க போட்டுடுங்க. அவங்களும் கச்சேரி பார்ட்டிதானே" என்றார்.

வெளியே கார் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பொன்னாடையோடு நின்றோம். நுஸைபா விவரமான பெண், செல்பி எடுக்க உள்ளேயே தங்கிவிட்டாள்.

"இங்க அஞ்சரைன்னா அங்க மணி நாலு" என்றார் அவர், தானாகவே. "ஓட்டல் லவுஞ்ச்ல கூட்டம் இருக்காது. பியானோவைத் துடைக்கிறது என் வேலை. உனக்கு ரிங் விட்டுட்டு நிப்பேன். பதில் வராது. கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. அந்தக் கட்டையை மூணு தடவை தட்டினேன். மறுநாளும் தட்டினேன். அப்படியே வந்ததுதான் எல்லாம்."

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"எப்படி ஆரம்பிச்சேன்னு நீ கேப்பே. நாற்பது நாள் நீ பேசலையே, அப்பதான்னு சொல்லணும். சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிடும். உன் அத்தாவுக்கு வராதது என் தப்பு. அதுக்கு மேல இதையும் உன் தலையில வைக்கணுமா?"

எனக்குத் தெரிந்த ஷேக் பரீத் இதுதான். குரலில் எதுவும் விடுபடவில்லை. எனக்கு வலிக்குமென்று ஒன்றை மட்டும் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார், மீன் முள்ளை ஒதுக்குகிற மாதிரி.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். "அந்த நாற்பது நாளுக்கு."

"சும்மா இரு" என்றார். என் தோளில் நழுவிய பொன்னாடையை ஏற்றிவிட்டார்.

லின்சியும் கிளமென்ட்டும் டபுள் பாஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களைப் பார்த்ததும் லின்சி நின்றாள்.

"அண்ணே, அடுத்த மாசமும் இந்தப் பாட்டு உண்டா?"

அவர் பொன்னாடை நுனியைச் சுருட்டினார். என்னைப் பார்த்தார். சத்தியம் செய்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"உண்டு" என்றேன் நான்.

"அப்ப அந்தக் கடைசி இடத்துல நாங்க எவ்வளவு எண்ணணும்க்கா? அதையாவது ஒருத்தர் சொல்லுங்களேன்."

பாதாம் பால் ஸ்பூன் என் கையிலேயே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எண்ண வேணாம்மா" என்றேன். "நான் வந்துடுறேன்."